கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

இணைய இதழ் ஒன்றை எந்த வழங்கியில் குடியமர்த்துவது என்ற கேள்வி இலக்கிய வாசகர்களுக்கு உரியதன்று என்று சிலர் கருதக்கூடும். கணினித் துறையினர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் அது என்பது அவர்கள் எண்ணம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த அலட்சியத்துக்கான விலையைக் கொடுத்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அண்மையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து புதிய இணைய இதழ் ஒன்றைத் தொடங்கும் ஏற்பாட்டில் இறங்கினர். பெயர் முடிவாகிவிட்டது. முதல் இதழுக்கான கதைகளும் கட்டுரைகளும் கைக்கு வந்துவிட்டன. எந்த வழங்கி என்ற பேச்சு வந்தபோதுதான் தகராறு மூண்டது. மாத வாடகை கொடுத்தால் இயங்குதளம், பாதுகாப்பு, காப்புநகல் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் மேகக்கணிமைச் சேவை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. வெறும் லினக்ஸ் வழங்கி ஒன்றை எடுத்து, அப்பாச்சியையோ என்ஜின்எக்ஸையோ நாமே நிறுவி, நாமே அமைத்து, நாமே நடத்த வேண்டும் என்றனர் மற்றவர்கள். “பணத்துக்கும் பெரு நிறுவனத்துக்கும் தலைவணங்காமல் சிற்றிதழ் நடத்திய மரபு நம்முடையது. இணையத்துக்கு வந்ததும் இன்னொருவர் திண்ணையில் ஏன் ஒண்டிக்கொள்ள வேண்டும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. எனக்கும் தட்டத் தோன்றியது.

ஆனால் அந்த வாதம் தவறானது. சிற்றிதழ் மரபை அது பிழையாகப் படிக்கிறது. அதன்படி நடந்தால், எதைக் காப்பதாக நினைக்கிறோமோ அதையே இழப்போம்.

முதலில் 'சொந்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நண்பர்கள் சொந்த வழங்கி என்று சொல்வது எதை? யாரோ ஒரு நிறுவனம் எங்கோ ஓரிடத்தில் வைத்திருக்கும் பெரிய கணினியின் ஒரு பகுதியை. அதற்கும் மாத வாடகை உண்டு. வாடகை நின்றால் அதையும் மூடுவார்கள். நிறுவனத்துக்கு நம் எழுத்து பிடிக்காமற் போனால் அதையும் துண்டிப்பார்கள். நிலம், சுவர், மின்சாரம், கம்பி எல்லாம் அவர்களுடையவை. வீட்டைக் கூட்டுவதும் கூரை ஒழுகினால் ஏறி ஓடு மாற்றுவதும் மட்டுமே நமக்குச் சொந்தம். குடியிருப்பவனே கூரையையும் பார்த்துக்கொள்ள வேண்டிய வாடகை வீட்டை யாரும் சொந்த வீடு என்று சொல்வதில்லை. உண்மையிலேயே சொந்தமாக வேண்டுமென்றால் இயந்திரத்தை விலைக்கு வாங்கி நம் கூடத்தில் வைத்து, மின்வெட்டுக்கும் இடிமின்னலுக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எவரும் அதற்குக் கை தூக்கவில்லை.

அடுத்து, அந்தப் பராமரிப்பு என்பது என்ன என்று பார்ப்போம். அப்பாச்சி 1995-இல் வெளிவந்தது. என்ஜின்எக்ஸை ஈகோர் சிசோயெவ் என்ற ருஷ்ய நிரலாளர் 2004-இல் வெளியிட்டார். இரண்டும் அருமையான மென்பொருள்கள், இரண்டும் இலவசம். நிறுவுவதற்கு அரைமணி நேரம் போதும். இந்த அரைமணி நேரத்தைக் காட்டித்தான் நம் நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதற்குப் பின் வரும் பத்து ஆண்டுகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன நடக்கும்? 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது போல, வழங்கியின் நினைவகத்திலிருந்து இரகசியங்களைக் கசியவிடும் பிழை ஒன்று திடீரென்று அம்பலமாகும். அன்றிரவே யாராவது உட்கார்ந்து அதை அடைத்தாக வேண்டும். பிஎச்பி மொழியின் 7ஆம் பதிப்பு 2015 டிசம்பரில் வந்தபோது, தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பழைய நிரல்கள் பயன்படுத்திவந்த கட்டளைகள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. அவற்றை நம்பி எழுதப்பட்ட தளங்களைத் திருத்தி எழுதினாலொழியப் புதிய பதிப்பில் ஓட்ட முடியாது. பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாளாகக் குறைப்பதென்று 2025-இல் முடிவெடுக்கப்பட்டிருக்கிறது. புதுப்பித்தலை நிரலே செய்துவிடும் என்பது சரிதான். ஆனால் அந்த நிரல் ஒருநாள் நின்றுபோனால் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். வருகைப் பதிவுக் கோப்புகள் பெருத்து வட்டு நிரம்பித் தளம் படுத்துவிட்டால் அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? 'நாமே' என்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த பதினைந்து பேரில் லினக்ஸ் வழங்கியைத் தொட்டுப் பழகியவர் ஒருவர். 'நாமே' என்று பதினைந்து பேர் சேர்ந்து சொல்லும்போது, அந்த ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் ஏலம் விடுகிறோம்.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2007-இல் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய இணைய இதழ் தொடங்கினோம். எங்களில் கணினி அறிந்தவர் ஒரே ஒரு நண்பர்தான். அவர் நல்ல வாசகர், மிகக் குறைவாகப் பேசுபவர். வெறும் வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் தம் கையாலேயே அமைத்தார். இதழுக்கான நிரலையும் அவரே எழுதினார். ஒன்பது ஆண்டுகள் இதழ் வந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் அது எப்படி ஓடுகிறது என்று அவரிடம் கேட்டதில்லை. வாடகைப் பணத்தைக்கூட அவரே கொடுத்துவந்தார் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

2016-இல் அவர் மாரடைப்பில் காலமானார்.

காரியம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு அவருடைய மனைவியைப் பார்க்கப் போனோம். துக்கம் கேட்கப் போன வீட்டில், எங்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கடவுச்சொல்லைப் பற்றி விசாரித்தார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். பால் கணக்குக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவே, அவருடைய சின்னக் கையெழுத்தில் அது இருந்தது.

கடவுச்சொல் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். உள்ளே நுழைந்தோம். ஒன்றும் புரியவில்லை. அவருடைய நிரலை அவர் மட்டுமே அறிவார். ஒவ்வோர் இரவும் காப்புநகல் எடுக்கச் செய்திருந்தார், ஆனால் அந்த நகல் அதே வழங்கியின் இன்னொரு அடைவில்தான் விழுந்துகொண்டிருந்தது. வாடகை கட்டிவந்த அட்டை முடக்கப்பட்டிருந்ததால் அவகாசமும் குறைவு. தரவுத்தளத்தை அவசர அவசரமாக இறக்கிவைத்துக்கொண்டோம். வழங்கி மூடப்பட்டது.

இறக்கியதைத் திறந்து பார்த்தால், முதல் நான்கு ஆண்டு இதழ்களில் தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. காரணம் பிறகு விளங்கியது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் அக்காலத்தில் தானாகவே 'லத்தீன்-1' என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். 2018-இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் ஒருங்குறி அதன் இயல்பானது. ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவது. அதை லத்தீன் பெட்டிக்குள் போட்டால் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்துக்கொள்ளும். நண்பர் 2011 வாக்கில் இதைக் கண்டுபிடித்துப் புதிய இதழ்களைச் சரியான முறையில் சேமிக்கத் தொடங்கியிருக்கிறார். பழையவற்றைத் தம் நிரலுக்குள்ளேயே மொழிபெயர்த்துக் காட்டிவந்திருக்கிறார். எங்களுக்கு இது தெரியாது. இணையத்தில் கிடைத்த செய்முறை ஒன்றைப் பார்த்து, முழு அட்டவணையையும் ஒரே கட்டளையில் மாற்றினோம். முதல் நான்கு ஆண்டுகள் அழகான தமிழாக மீண்டு வந்தன. ஆனால் ஏற்கெனவே சரியாக இருந்த பின் ஐந்து ஆண்டுகள், லத்தீன் பெட்டிக்குள் இடமில்லாமல், எழுத்துக்கு ஒன்றாகக் கேள்விக்குறிகளாயின. ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும் தமிழை மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகிவிட்டதை மீட்கவே முடியாது, அங்கே தகவலே மிச்சமில்லை. நாங்கள் வேறு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை.

வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்தும் எழுத்தாளர்களின் மின்னஞ்சல்களிலிருந்தும் ஒரு பகுதியைத் திரட்டினோம். மற்றவை போயின. ஓர் இளம் கவிஞரின் முதல் ஆறு கவிதைகள் அந்த இதழில்தான் வந்திருந்தன. அவரிடமும் பிரதி இல்லை. அவர் எங்களை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நண்பரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் தனியொருவராக ஓர் இதழைத் தோளில் சுமந்தவர் அவர். குற்றம் எங்களுடையது. சுதந்திரம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டது அவர் ஒருவருடைய உழைப்பை. அவர் போனதும் அதுவும் போயிற்று.

சிற்றிதழ் மரபைப் பேசும் நண்பர்கள் அம்மரபின் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' நடத்தினார். புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். அந்த வைராக்கியத்தை வணங்குகிறோம். ஆனால் ஒருவருடைய உடலையும் சேமிப்பையும் மட்டுமே நம்பிய இதழ்கள் அந்த ஒருவர் களைத்ததும் நின்றன என்பதும் அதே வரலாறுதான். அப்போதும் ஒரு பாதுகாப்பு இருந்தது. அச்சான பிரதிகள் நூறு வீட்டுப் பரண்களில் கிடந்தன. இதழ் நின்றாலும் எழுத்து நின்றது. இணைய இதழுக்குப் பரண் கிடையாது. வழங்கி அணைந்தால் எல்லாப் பிரதிகளும் ஒரே நொடியில் அணையும். அச்சு இதழைவிட இணைய இதழுக்குத்தான் தனியொருவரைச் சாராத ஏற்பாடு அதிகம் வேண்டும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன்.

பெரு நிறுவனங்களை நம்பிக் கெட்டவர்கள் இல்லையா என்று கேட்கிறார்கள். உண்டு. யாஹூ தன் ஜியோசிட்டீஸ் இலவச இடத்தை 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ராயர் காப்பி கிளப், மரத்தடி போன்ற குழுக்கள் யாஹூ குழுமத்தில்தான் இயங்கின. யாஹூ 2019-இல் குழுமங்களின் சேமிப்பை நீக்கப்போவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே முடித்துக்கொண்டது. தமிழிணையத்தின் முதற்காலப் பேச்சுகளில் எவ்வளவு அதனோடு போயிற்று என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவை இலவசச் சேவைகள். நம் எழுத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லும் வழி அவற்றில் எளிதாக இல்லை. தளத்தின் பெயரும் நம்முடையதாக இல்லை. நான் பேசுவது காசு கொடுத்து எடுக்கும், பெயர் நம்மிடமே இருக்கும் சேவையைப் பற்றி.

காசு கொடுத்தவர்கள் மட்டும் தப்பினார்களா என்றால், அதற்கும் பதில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு, 2024 மே மாதத்தில் கூகுள் கிளவுடில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. நிதியம் மீண்டது எப்படி? வேறொரு நிறுவனத்திடமும் காப்புநகல் வைத்திருந்தார்கள். மறுபுறம், 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், தேர்ந்த பொறியாளர் ஒருவரே இரவு நேரச் சோர்வில் தவறான வழங்கியில் கட்டளையைத் தட்டித் தரவுத்தளத்தை அழித்தார். வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட உருப்படியாக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. தம் வழங்கிகளைத் தாமே நடத்தும் வல்லுநர்களுக்கே இந்தக் கதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் தீக்கிரையானபோது, வெறும் வழங்கியை வாடகைக்கு எடுத்தவர்களும் வெளியில் நகல் இல்லாவிட்டால் அனைத்தையும் இழந்தார்கள். சேவை எந்த வகையாயினும், நகலை வேறொரு கூரையின் கீழ் வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

மூன்றாவதாக, 37சிக்னல்ஸ் நிறுவனத்தைக் காட்டுகிறார்கள். 2022-இல் மேகத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்துச் சொந்த இயந்திரங்களுக்கு மாறிய நிறுவனம் அது. அவர்களுடைய மேகச் செலவு அந்த ஆண்டில் 32 லட்சம் டாலர். இயந்திரங்களைக் கவனிக்கச் சம்பளத்துக்குத் தனிக் குழு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான கணக்கு. மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கே உண்டியல் குலுக்கும் நாம், அந்தக் கணக்கை நம் நோட்டில் எழுதிப் பார்ப்பது பொருத்தமாக இல்லை.

சிற்றிதழ் மரபு உண்மையில் நமக்குக் கற்றுத்தருவது வேறு. நம் சிற்றிதழ்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த அச்சகம் கிடையாது. கல்யாணப் பத்திரிகையும் சோப்பு நோட்டீசும் அடித்த டிரெடில் இயந்திரத்திலேயே புதுக்கவிதையும் அச்சாயிற்று. அச்சகக்காரர் கூலியை ஏற்றினால் ஆசிரியர் கையெழுத்துப் பிரதிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். இன்னொருவர் இயந்திரத்தில் அடித்ததால் இதழின் சுதந்திரம் போயிற்று என்று யாரும் புலம்பியதில்லை. கையெழுத்துப் பிரதிகள், சந்தாதாரர் முகவரிகள், இதழின் பெயர் ஆகிய மூன்றும் ஆசிரியர் கையில் இருந்தன. அதனால் எந்த அச்சகத்திலிருந்தும் அவர் எழுந்து போக முடிந்தது. எழுந்து போக முடிவதுதான் சுதந்திரம். எழுத்துக்கோக்கவும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடவும் ஆசிரியரே கற்றாக வேண்டும் என்று அன்று எவரும் நிபந்தனை விதிக்கவில்லை.

ஆகவே, பதினைந்து பேரில் ஒருவருக்கு மட்டும் வழங்கி தெரிந்த எந்த இலக்கியக் குழுவும் பராமரிப்புடன் கூடிய சேவையையே எடுக்க வேண்டும் என்பது என் துணிபு. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு அன்று. நான்கு நிபந்தனைகளை எழுதிவைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

தளத்தின் பெயர் சேவை தரும் நிறுவனத்திடம் பதிவாகக் கூடாது. வேறிடத்தில், குழுவின் பெயரில், இருவர் அணுகக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும்.

ஆயிரம் பேர் அறிந்த பொதுவான மென்பொருளில் இதழை நடத்த வேண்டும். அந்த நிறுவனத்தில் மட்டுமே கிடைக்கும் தனி வசதிகளில் மயங்கக் கூடாது. வெளியேறும்போது தரவை எடுத்துச்செல்லக் கட்டணம் உண்டா என்று நுழையும்போதே கேட்க வேண்டும். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் முற்றாக விலகுவோருக்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024-இல்தான் அறிவித்தன. சிறிய நிறுவனங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வோர் இதழும் வெளியான அன்றே, எல்லாப் படைப்புகளும் எளிய ஒருங்குறி உரைக்கோப்புகளாக, வேறு வேறு ஊர்களில் இருக்கும் மூவரிடம் போய்ச் சேர வேண்டும். தரவுத்தளம் இல்லாமல், எந்த மென்பொருளும் இல்லாமல், எவரும் திறந்து படிக்கக்கூடிய கோப்புகளாக அவை இருக்க வேண்டும். இதுதான் நம் பரண்.

ஆண்டுக்கொருமுறை அந்தக் கோப்புகளிலிருந்து இதழை வேறொரு நிறுவனத்தில் எழுப்பிப் பார்க்க வேண்டும். அதையும் கணினி தெரியாத ஒருவர், எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். அவரால் முடியவில்லையென்றால் குறிப்பு போதவில்லை என்று பொருள்.

வழங்கியைத் தாமே அமைக்கும் கலையில் ஆர்வமுள்ளவர்களை நான் தடுக்கவில்லை. அது கற்கத்தக்க கலை, இணையம் எப்படி இயங்குகிறது என்பதை அதைவிட நன்றாகக் கற்பிப்பது வேறில்லை. தம் சொந்த எழுத்தை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பயிலட்டும். பிறர் நம்மை நம்பிக் கொடுத்த எழுத்து வேறு கணக்கு. அதை வைத்துப் பயில நமக்கு உரிமையில்லை.

அன்றைய கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது. வழங்கி அறிந்த அந்த ஒரு நண்பரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். முப்பது வயதுக்காரர், உற்சாகமானவர். எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாக உறுதி சொன்னார். அவர் சொல்லில் எனக்கு ஐயமில்லை. 2007-இல் இதையே சொன்னவரும் சொன்னபடிதான் செய்தார். நாங்கள்தான் அவரிடம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.